உலோக பிரேம் பிஸ்டல்கள் ஏன் ஒவ்வொன்றாக நிறுத்தப்படுகின்றன?

கேள்வி இதுதான்: பிரவுனிங் ஹை-பவர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 5906, எச்.கே. பி7 மாதிரியான உலோக பிரேம் கைத்துப்பாக்கிகளை விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் புகழ்கிறார்கள். பழையது ஒன்று கிடைத்தால் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அப்படியிருக்க, கம்பெனிகள் ஏன் அவற்றைத் தயாரிப்பதை நிறுத்தின? பிளாஸ்டிக் பிரேம் உண்மையிலேயே அவ்வளவு மேலானதா, இல்லை வாங்குகிறவர்களின் ரசனை மாறிவிட்டதா?

ரசனை மாறியது உண்மைதான். ஆனால் அது கடைசியாக நடந்தது. அதற்கு வெகு முன்பே தொழிற்சாலைக்குள்ளும் போலீஸ் துறைகளின் கொள்முதல் அலுவலகங்களிலும் கணக்கு மாறிவிட்டது. நான் டூல் அண்ட் டை தொழிலில், அதாவது பாகங்களை உருவாக்கும் அச்சுகளும் கருவிகளும் செய்கிற தொழிலில் இருப்பவன். அதனால் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பிஸ்டலில் பிரேம் என்பது கைப்பிடியும் அடிப்பாகமும் சேர்ந்த உடம்பு. தோட்டாக்களை அடுக்கிய மேகசின் அதற்குள் போகிறது, விரலால் இழுக்கும் டிரிகர் அதில் உட்கார்ந்திருக்கிறது, மேல்மூடி போன்ற ஸ்லைடு அதன் தடத்தில் முன்னும் பின்னும் ஓடுகிறது. தோட்டா வெடிக்கும்போது எழும் பெரிய அழுத்தத்தைத் தாங்குவது பேரலும் (குண்டு பாயும் குழாய்) ஸ்லைடும். பிரேமுக்கு வந்து சேரும் சுமை அதைவிட மிகக் குறைவு. இது புரிந்துவிட்டால் பிளாஸ்டிக் பிரேம் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதும் புரிந்துவிடும். 'பிளாஸ்டிக் துப்பாக்கி' என்று ஊர் சொல்லும் கிளாக்கிலும் பேரல், ஸ்லைடு, ஸ்பிரிங் எல்லாமே எஃகுதான்.

பழைய முறையில் எஃகு பிரேம் செய்ய, பழுக்கக் காய்ச்சிய எஃகை டைக்குள் வைத்து அடித்து ஒரு முரட்டு வடிவம் எடுப்பார்கள். அந்தக் கட்டியிலிருந்து பிஸ்டல் வெளியே வருவதற்குள் பெரும்பகுதி எஃகு சீவலாகத் தரையில் விழுந்திருக்கும். மேகசின் போகும் குழியைக் குடைய வேண்டும், ஸ்லைடு ஓடும் தடத்தை இழைக்க வேண்டும், டிரிகர் பாகங்களுக்கான ஒவ்வொரு துளையையும் அதனதன் இடத்தில் போட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெஷின், அதற்கென்று ஒரு ஜிக் (பாகத்தைச் சரியான இடத்தில் அசையாமல் பிடிக்கும் சட்டம்), அதை அறிந்த ஓர் ஆள். ஒரு துளை கொஞ்சம் தள்ளிப் போனாலும் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண். முடிவில் பாலிஷ் போட்டு, நீலம் ஏற்றி, ஒரு ஆள் உட்கார்ந்து பாகங்களை அரத்தால் ராவிப் பொருத்துவார். 1930-களில் பெல்ஜியத்தில் திறமையான தொழிலாளிக்குக் கொடுத்த கூலிக்கு இது கட்டுப்படியானது. 1990-களில் ஆகவில்லை.

பாலிமர், அதாவது உறுதியான பிளாஸ்டிக் பிரேமில் செலவு தலைகீழ். மோல்டு என்கிற வார்ப்பு அச்சு செய்வதற்குத்தான் பணம் கொட்ட வேண்டும். அது தயாரானதும், உருகிய பொருளை அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, குளிரவைத்து, வெளியே எடுத்தால் பிரேம். நாம் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி பிறப்பதும் இதே வழியில்தான். ஸ்லைடு ஓடுவதற்காகச் சிறு எஃகுத் துண்டுகளை மோல்டுக்குள்ளேயே வைத்து வார்த்துவிடுகிறார்கள். கிளாக்கின் ஸ்லைடைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்த்தால், முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நாலு சிறிய எஃகு நாக்குகள் மட்டும் தெரியும். மொத்த ஸ்லைடும் அவற்றின் மேல்தான் ஓடுகிறது. முதன்முறையாக அதைப் பார்க்கிற எந்த மெஷினிஸ்டுக்கும் இது போதுமா என்ற சந்தேகம் வரும். போதும். லட்சக்கணக்கான பிஸ்டல்கள் நாற்பது வருடமாக அதை நிரூபித்துக்கொண்டிருக்கின்றன.

முதன்முதலில் பாலிமர் பிரேமோடு தயாரிப்புக்கு வந்தது ஜெர்மனியின் எச்.கே. நிறுவனம் 1970-ல் வெளியிட்ட வி.பி.70. டிரிகர் கடினமாக இருந்ததால் அது எடுபடவில்லை. அப்புறம் ஆஸ்திரியாவில் காஸ்டன் கிளாக் வந்தார். திரைச்சீலைக் கம்பி, ராணுவத்துக்குக் கத்தி, மண்வெட்டி என்று செய்துகொண்டிருந்தவர். துப்பாக்கித் தொழிலில் முன் அனுபவம் இல்லாததால், 'பிரேம் என்றால் எஃகுக் கட்டியைக் குடைவது' என்ற பழக்கமும் அவருக்கு இல்லை. ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் அவருடைய கிளாக் 17-ஐ ஏற்றுக்கொண்டது. மேகசினில் 17 தோட்டா, மொத்தமே முப்பத்து நாலு பாகங்கள், காலி மேகசினோடு 700 கிராம் அளவில் எடை. அன்றைய எஃகு பிஸ்டல்கள் ஒரு கிலோவைத் தொட்டுக்கொண்டிருந்தன.

அமெரிக்காவில் இது நுழைந்தபோது விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாது என்று பெரிய பயம் கிளம்பியது. நாடாளுமன்றம் வரை போய், மெட்டல் டிடெக்டருக்கு அகப்படாத துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டம் 1988-ல் வந்தது. அரை கிலோ எஃகு இருந்த கிளாக்கை அந்தச் சட்டம் தொடவே இல்லை. அந்தச் சர்ச்சையே இலவச விளம்பரமாகவும் போயிற்று.

ஆனால் கிளாக்கை ஜெயிக்கவைத்தது சர்ச்சை அல்ல, போலீஸ். 1986 ஏப்ரலில் மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. மடக்கியபோது நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜெண்டுகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலோர் கையில் இருந்தவை ரிவால்வர்கள். அதற்குப் பிறகு, ஆறு தோட்டா ரிவால்வர் காலம் முடிந்துவிட்டது என்று நாடு முழுக்க போலீஸ் துறைகள் முடிவுக்கு வந்தன. ஆயிரக்கணக்கான துறைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிஸ்டல் வாங்கக் கிளம்பின. கைத்துப்பாக்கித் தொழிலுக்கு இப்படி ஒரு சந்தை அதற்கு முன்பு ஒருமுறைகூட திறந்ததில்லை.

அந்தப் பந்தயத்தில் முன்னால் நிற்க வேண்டியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். போலீஸ் ரிவால்வர் சந்தையே அவர்கள் கையில் இருந்தது. அலுமினிய பிரேம் போட்ட அவர்களுடைய மாடல் 39-ஐ இல்லினாய் மாநில போலீஸ் 1967-லேயே ஏற்றிருந்தது. 1980-களின் முடிவில் மூன்றாம் தலைமுறை பிஸ்டல்களைக் கொண்டுவந்தார்கள். அதன் நட்சத்திரம்தான் 5906. அந்த எண்ணில் ஒரு ஒழுங்கு உண்டு: 59 என்றால் இரட்டை வரிசை மேகசின் கொண்ட 9 எம்.எம்., கடைசி 6 என்றால் முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கனடாவின் தேசிய போலீஸான ஆர்.சி.எம்.பி. இதன் உடன்பிறப்பான 5946-ஐப் பல பத்தாண்டுகள் இடுப்பில் சுமந்தது.

ஒரு நண்பரிடம் போலீஸ் துறையிலிருந்து கழிந்து வந்த 5906 ஒன்று இருக்கிறது. ஹோல்ஸ்டரில் உரசி உரசி ஸ்லைடின் முனை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. துறையின் சொத்து எண் பொறித்த இடம் மட்டும் மழுங்காமல் நிற்கிறது. ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தால் எந்த இடத்திலும் தட்டாமல், ஆடாமல் வருகிறது. அத்தனை வருடச் சேவைக்குப் பிறகும் பக்கவாட்டு ஆட்டம் கையில் தெரியவில்லை. பத்து தோட்டா சுட்டால், கிலோவுக்கு மேல் இருக்கிற அந்த எடை பின்னுதைப்பை உள்வாங்கிக்கொள்வது தோள்வரை தெரியும். பக்கத்திலேயே அவருடைய பாலிமர் பிஸ்டலும் இருந்தது. அதே கம்பெனி, அதே 9 எம்.எம். அது துள்ளுகிறது. 5906 தள்ளுகிறது, அவ்வளவுதான். இதை நன்றாகச் செய்த பொருள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

சரி, அப்படிப்பட்ட துப்பாக்கி ஏன் தோற்றது? கொள்முதல் அதிகாரியின் நாற்காலியில் இருந்து பாருங்கள். அவருக்கு முன்னால் இருப்பவர்கள் துப்பாக்கிப் பிரியர்கள் அல்ல. வருடத்துக்கு ஓரிரு முறை தகுதித் தேர்வுக்காக மட்டும் சுடுகிற சாதாரண காவலர்கள். 5906-ல் முதல் தோட்டாவுக்கு டிரிகரை நீளமாக, கனமாக இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சிறு சுத்தி, பின்னுக்குப் போய் விழுகிறது. இரண்டாவது தோட்டாவிலிருந்து ஹேமர் ஏற்கெனவே ஏறி நிற்பதால் இழுப்பு குட்டையாக, லேசாகிவிடும். ஒரே துப்பாக்கியில் இரண்டு விதமான டிரிகர். மேலே ஸ்லைடில் ஒரு சேப்டி நெம்புகோல் வேறு. இதையெல்லாம் பயிற்சியில் ஏற்ற வேண்டும். கிளாக்கில் ஒவ்வொரு இழுப்பும் ஒரே மாதிரி, வெளியே சேப்டி கிடையாது. ரிவால்வரிலிருந்து வருகிற காவலருக்கு இது பழகிய கை. விலையும் குறைவு. பழைய துப்பாக்கிகளைக் கொடுத்தால் கழித்துக்கொண்டு புதிது தருகிற ஏற்பாடும் இருந்தது. எந்த அதிகாரி மறுப்பார்?

கிளாக்கில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. கழற்றிச் சுத்தம் செய்ய முதலில் டிரிகரை அழுத்தியாக வேண்டும். சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) தோட்டா இருப்பதைக் கவனிக்காமல் அழுத்தினால் வெடிக்கும், வெடித்தும் இருக்கிறது. ஹேமர் உள்ள பிஸ்டலை உறையில் போடும்போது கட்டைவிரலை ஹேமர் மேல் வைத்துக்கொண்டால், அது அசைகிறதா என்பது விரலுக்கே தெரிந்துவிடும். அந்தப் பாதுகாப்பு கிளாக்கில் இல்லை. இவை உண்மையான இழப்புகள். ஆனால் ஆயிரம் துப்பாக்கிக்கான டெண்டரில் இவை பெரிதாகத் தெரியவில்லை.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு நிலைமை சீக்கிரமே புரிந்தது. 1994-ல் சிக்மா என்ற பாலிமர் பிஸ்டலைக் கொண்டுவந்தார்கள். அது தங்களுடையதை அப்படியே ஒத்திருக்கிறது என்று கிளாக் வழக்குப் போட, 1997-ல் சமரசம் ஆயிற்று. 1997-லேயே எஃப்.பி.ஐ.யும் கிளாக்குக்குப் போனது. 2005-ல் எம் அண்ட் பி வந்தது. அது நிஜமாகவே நல்ல பாலிமர் பிஸ்டல், போலீஸ் துறைகள் திரும்பி வந்தன. அதன் பிறகு 5906 குடும்பத்துக்கு அந்தத் தொழிற்சாலையில் இடம் இருக்கவில்லை. 2000-களின் முடிவுக்குள் பொது விற்பனைப் பட்டியலிலிருந்து முழுதாகப் போய்விட்டது. ரூகரின் அலுமினிய வார்ப்பு பி-வரிசையும் பாலிமருக்கு மாறி, 2013-ல் மொத்தமாக நின்றது.

எச்.கே. பி7 பற்றியும் கேட்டிருந்தீர்கள். கைப்பிடியின் முன்பக்கத்தை அழுத்தினால்தான் தயாராகும், விட்டால் தானே பாதுகாப்பாகிவிடும் என்ற அற்புதமான அமைப்பு அதில் இருந்தது. முழு எஃகு, நகராத பேரல், வாயு அழுத்தத்தால் ஸ்லைடைத் தாமதப்படுத்தும் ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு பாகமும் செலவாளி. அதை மலிவாக்க வழியே கிடையாது. கிளாக் அளவுக்கு விற்க முடியாது.

ஹை-பவரின் கதைதான் என்னை அதிகம் வருத்துவது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சு ராணுவம் அதிகத் தோட்டா பிடிக்கும் பிஸ்டல் கேட்டது. அமெரிக்கரான ஜான் பிரவுனிங், பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்காக வேலையைத் தொடங்கினார். 1926-ல் ஹெர்ஸ்டால் தொழிற்சாலையிலேயே இறந்துபோனார். மீதி வேலையைச் செய்தவர் தியோதோனே சேவ். தோட்டாக்களை இரண்டு வரிசையாக மாற்றி மாற்றி அடுக்கும் மேகசின் அவர் கொண்டுவந்தது. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனத்திடம் இருந்த பிரவுனிங்கின் பழைய காப்புரிமைகள் 1928-ல் காலாவதியானதும், பிரவுனிங்கே முன்பு அமெரிக்க ராணுவத்துக்காக வடிவமைத்த 1911 பிஸ்டலின் நல்ல அம்சங்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார். 1935-ல் ஹை-பவர் வெளிவந்தது. மேகசினில் 13 தோட்டா. மற்ற ராணுவ பிஸ்டல்களில் ஏழும் எட்டும் இருந்த காலம் அது. அப்படியும் கைப்பிடி பருமனாக இல்லை. சின்னக் கைக்கும் பொருந்துகிறது.

பெல்ஜியம் ஜெர்மனியிடம் விழுந்ததும் அதே தொழிற்சாலையில் ஜெர்மானியர்கள் அதைத் தயாரித்தார்கள். தப்பி வந்தவர்களின் உதவியோடு கனடாவில் டொரொன்டோவின் ஜான் இங்லிஸ் கம்பெனி நேசநாடுகளுக்காகத் தயாரித்தது. ஒரு போரில் இரண்டு தரப்பும் ஒரே பிஸ்டலைச் சுமந்தன. போருக்குப் பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் படைகளுக்குப் போனது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. இந்திய ராணுவமும் போலீஸும் வைத்திருக்கும் 'பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ' இந்த ஹை-பவரேதான். கனடாவின் இங்லிஸ் மாதிரியைப் பின்பற்றி மேற்கு வங்கத்தின் இஷாபூர் ரைபிள் தொழிற்சாலை செய்தது. அதே தொழிற்சாலை செய்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் மூலமான எஃப்.ஏ.எல்.லை வடிவமைத்தவரும் இதே சேவ்தான். காவல் நிலையத்தில் எஸ்.எல்.ஆர். ஏந்திய காவலரையும், இடுப்பில் பிஸ்டலோடு இன்ஸ்பெக்டரையும் சேர்த்துப் பார்த்திருந்தால், ஒரு பெல்ஜிய வடிவமைப்பாளரின் இரண்டு படைப்புகளை ஒரே இடத்தில் பார்த்திருக்கிறீர்கள்.

இவ்வளவு பரவிய துப்பாக்கியை எப்படி நிறுத்த மனம் வந்தது? உண்மையில் ஒரே நாளில் நிறுத்தவில்லை. செலவைக் குறைக்க அசெம்பிளியை போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். பிற்காலத் துப்பாக்கிகளில் 'பெல்ஜியத்தில் தயாரிப்பு, போர்ச்சுகலில் அசெம்பிளி' என்றே பொறித்திருக்கும். 1990-களில் அடித்துச் செய்த பிரேமை விட்டு வார்ப்பு பிரேமுக்கு மாறினார்கள். அப்படியும் அமெரிக்கக் கடையில் விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் கிளாக் அதில் பாதி விலைக்கு. இதற்கிடையில் படைகள் ஒவ்வொன்றாக விலகின. பிரிட்டன் 2013-ல் கிளாக் 17-க்கு மாறியது. ஹை-பவரில் சேம்பரில் தோட்டாவோடு, ஹேமர் ஏற்றி, சேப்டி போட்டுத்தான் தயார்நிலையில் வைத்திருக்க முடியும். பல படைகள் அதை அனுமதிக்காமல், சேம்பரைக் காலியாக வைக்கச் சொல்லின. ஆபத்து வந்தால் முதலில் ஸ்லைடை இழுக்க வேண்டும். கிளாக்கில் எடுத்ததும் சுடலாம். ஆப்கானிஸ்தானில் போரிட்ட ராணுவத்துக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. கனடா 2022-ல் சிக் நிறுவனத்தின் பி320-ஐத் தேர்ந்தெடுக்கும்வரை, 1944-45-ல் டொரொன்டோவில் செய்த அதே இங்லிஸ் பிஸ்டல்களைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. எழுபது வருடத்துக்கு மேல் உழைக்கிற பொருளைச் செய்தால், வாங்கியவர் திரும்பி வரவே மாட்டார். ராணுவ ஆர்டர் போன பிறகு, தனியார் வாங்கும் சில ஆயிரத்துக்காகத் தேய்ந்த டைகளையும் ஜிக்குகளையும் புதுப்பிக்க முடியாது. 2018-ன் தொடக்கத்தில், ஹை-பவர் இனி இல்லை என்பது வெளியே தெரிந்தது.

'நிறுத்தம்' என்ற அறிவிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. எந்த அதிகாரியும் ஒரு மாடலை வெறுத்து வெட்டுவதில்லை. டை தேய்கிறது, புதுசு செய்ய எவ்வளவு என்று விலை கேட்கிறார்கள், விற்பனைக் கணக்கோடு வைத்துப் பார்க்கிறார்கள், கட்டுப்படியாகாது என்று தெரிகிறது. அந்த ஜிக்கைச் சரிசெய்யத் தெரிந்த மெஷினிஸ்ட் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு வேறொருவரை எடுப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இன்று நாம் கிளாசிக் என்று கொண்டாடுகிற பலவும் அன்றைக்குச் செலவைக் குறைக்க வந்தவைதான். சுவிட்சர்லாந்து ராணுவம் 1949-லிருந்து வைத்திருந்த சிக் பி210 உலகிலேயே மிக நேர்த்தியாகச் செய்யப்பட்ட பிஸ்டல்களில் ஒன்று. அது கட்டுப்படியாகாமல்தான் 1975-ல் பி220 வந்தது. அலுமினிய பிரேம், கனமான தகட்டை வளைத்துச் செய்த ஸ்லைடு. பழைய பி210-காரர்களுக்கு அது தகர வேலையாகத்தான் தெரிந்திருக்கும். அதன் வழிவந்த பி226-ஐ அமெரிக்கக் கடற்படையின் சீல் வீரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அந்த பி226-க்காக ஜனங்கள் ஏங்குகிறார்கள். ஆகவே பாலிமர் ஏதோ திடீரென்று வந்து ஒரு பொற்காலத்தை அழித்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. எஃகிலிருந்து அலுமினியம், அலுமினியத்திலிருந்து பாலிமர் என்று ஒரே திசையில்தான் நூறு வருடமாக இந்தத் தொழில் நகர்கிறது.

இனி வாங்குகிறவர்களின் ரசனைக்கு வருவோம். 1987-ல் புளோரிடா, தகுதியுள்ள எவருக்கும் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு நடமாட உரிமம் தருகிற சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. துப்பாக்கி மேஜை டிராயரில் இருந்து இடுப்புக்கு வந்தது. டிராயரில் ஒரு கிலோ ஒன்றும் செய்யாது. பெல்ட்டில் பன்னிரண்டு மணி நேரம் ஒரு கிலோ என்றால் இடுப்பு நோகும். சட்டைக்கு வெளியே புடைத்தும் தெரியும். 1994 முதல் 2004 வரை தனியாருக்குப் பத்து தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் புதிய மேகசின் விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. பத்துதான் கிடைக்கும் என்றால் பெரிய துப்பாக்கி எதற்கு? குட்டி பிஸ்டல்கள் அந்தப் பத்தாண்டில் வேர்பிடித்தன.

2018-ல் சிக் பி365 வந்தது. ஒரு அங்குல அகலம், அரை கிலோ, மேகசினில் 10 தோட்டா. ஹை-பவரில் கிட்டத்தட்ட பாதி எடையில், அதைவிட மூன்றே தோட்டா குறைவு. எல்லாக் கம்பெனியும் இதே வகையில் ஒன்றைச் செய்ய ஓடின. இந்த அளவில், இந்த விலையில் முழு எஃகில் செய்வது நடக்காது. முதல்முறையாகத் துப்பாக்கி வாங்குகிறவர் கடைக்குப் போய் இதைத்தான் கேட்கிறார். டார்ச் மாட்டப் பிரேமுக்குக் கீழே ரெயில் இருக்கிறதா, சிவப்புப் புள்ளிக் குறிபார்வை வைக்க ஸ்லைடில் வெட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். ஹை-பவரின் ஒல்லியான ஸ்லைடில் அதற்கு இடமே இல்லை. பழைய மாடலில் ரெயில் சேர்ப்பதென்றால் டையை மாற்ற வேண்டும். பாலிமரில் மோல்டை வடிவமைக்கும்போதே சேர்த்துவிடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, உலோக பிஸ்டல் திரும்பி வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். வருகிறது. 2021-ல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி எஸ்.ஏ.-35 என்ற பெயரில் ஹை-பவரை 699 டாலருக்குக் கொண்டுவந்தது. மேகசினில் 15 தோட்டா, பழையதைப் போலச் சுடும்போது கைச்சதையைக் கடிக்காத ஹேமர், மேகசின் இல்லாவிட்டால் சுடவிடாத பழைய ஏற்பாடும் நீக்கம். 2022-ல் எஃப்.என். நிறுவனமே புதிய ஹை பவரை வெளியிட்டது. பெயரும் தோற்றமும் மட்டும்தான் பழசு. பழைய மேகசின் அதில் போகாது, பழைய பாகங்கள் பொருந்தாது. கோல்ட் 2005-ல் நிறுத்திய பைத்தான் ரிவால்வரை 2020-ல் மறுபடி கொண்டுவந்ததும் இப்படித்தான். கையால் ராவிப் பொருத்திய பழைய உள்ளமைப்பை, கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினில் நேரடியாக வரும்படி மாற்றி வரைந்தார்கள். புதியது தரம் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சி.என்.சி.யின் துல்லியம் பழைய ஆட்களுக்குக் கிடைக்காத வரம். ஆனால் வருடக்கணக்கில் ஒரே வேலையைச் செய்த விரல்கள் கொடுத்த அந்தப் பொருத்தத்தை மீட்டுக் கொண்டுவர முடியவில்லை. எனக்கு நிஜமாகவே வலிப்பது இதுதான்.

புதிய உலோக பிஸ்டல்களில் இன்னொரு வகையும் உண்டு. 2022-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், எம் அண்ட் பி-யை அலுமினிய பிரேமில் வெளியிட்டது. வால்தர் தன் பி.டி.பி.யை எஃகில் செய்தது. இவற்றுக்குள் இருப்பது பாலிமர் பிஸ்டலின் அதே அமைப்பு, ஹேமர் கிடையாது. அமெரிக்கச் சுடுதல் போட்டிகளில் எடை வரம்பைத் தளர்த்தியதும் கனமான துப்பாக்கிக்குக் கிராக்கி வந்துவிட்டது, கனமானது ஆடாமல் நிற்கும் என்பதால். செக் நாட்டின் சி.இசட். ஷேடோ 2 ஒரு கிலோ முந்நூறு கிராம். அதைப் போட்டிக்கென்றே வாங்குகிறார்கள். ஆக, உலோகம் இடுப்பை விட்டுப் போட்டி மைதானத்துக்குப் போயிருக்கிறது. வேலைக்கான துப்பாக்கியாக அது திரும்பவில்லை.

அப்படியென்றால் 1911 மட்டும் எப்படி நூறு வருடம் தாண்டி நிற்கிறது? அதை நிறுத்தும் அதிகாரம் எந்தக் கம்பெனிக்கும் இல்லை. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. கோல்ட் விட்டால் ஸ்பிரிங்ஃபீல்டு, அவர்கள் விட்டால் பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கார், துருக்கியின் திசாஸ். ஒருவரின் ஸ்பிரிங் பெரும்பாலும் இன்னொருவரின் துப்பாக்கியில் பொருந்தும். சி.இசட். 75-க்கும் ஏறக்குறைய இதே பாக்கியம். இத்தாலியில், துருக்கியில் என்று பல இடங்களில் அதன் நகல்கள் பிறந்தன. ஹை-பவரையும் துருக்கியின் கிரேசுன் நகரத்தில் கிர்சான் நிறுவனம் இன்று செய்கிறது. 5906-க்கு அப்படி யாரும் வரவில்லை. அதனால்தான் அதை வைத்திருப்பவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டும்.

அமெரிக்காவிலோ வேறெங்கோ சட்டப்படி இப்படிப்பட்ட ஒன்றை வைத்திருந்தால் ஒன்று செய்யுங்கள். பிரேம் சீக்கிரம் போகாது. போவது ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடைத் திரும்ப முன்னுக்குத் தள்ளுவது), எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்து எடுக்கும் கொக்கி), மேகசின் ஸ்பிரிங். நல்ல மேகசின்களையும் ஸ்பிரிங்குகளையும் கிடைக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹை-பவர் ஸ்பிரிங் இன்னும் பல வருடம் கிடைக்கும். 5906-க்கான சிறு பாகங்கள் இப்போதே பழைய துப்பாக்கிகளைப் பிரித்து எடுத்தவைதான் பெரும்பாலும். அலுமினிய பிரேம் என்றால் ஸ்லைடு ஓடும் தடத்தில் எண்ணெய் காயவிடாதீர்கள். மேல்பூச்சு தேய்ந்து வெள்ளை தெரிய ஆரம்பித்தால் அந்த இடத்துக்கு எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். இந்தியாவில் 9 எம்.எம். தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம் என்பதால், 1ஏ பிஸ்டல் நம்மில் யார் கைக்கும் வரப்போவதில்லை. தேய்ந்தவற்றைப் படைகள் ஒதுக்கும்போது, ஆரம்பகால இஷாபூர் தயாரிப்பில் சிலவற்றையாவது அழிக்காமல் அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். பிரேமை எப்படிக் குடைந்தார்கள் என்பது தெரியும்படி, ஒன்றைப் பிரித்து வைத்தால் இன்னும் நல்லது.